ஷெவால்: வேல்ஸின் இளம் எழுத்தாளர்களுக்கு ஒரு தொகுப்பு செய்துகொடுத்தது

தென் வேல்ஸில், ஸ்வான்சீ நகரிலிருந்து எட்டு மைல் தள்ளி நீத் என்று ஓர் ஊர். நிலக்கரியும் செம்பும் தகரத் தகடும் வளர்த்த ஊர். அங்கே டெரி ஹெதரிங்டன் என்றொரு கவிஞர் இருந்தார். வேல்ஸுக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் குறைவு. 2007-இல் அவர் இறந்தபின், அவர்மீது அன்பு கொண்டவர்கள் அவர் பெயரில் ஒரு பரிசைத் தொடங்கினார்கள். வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும், வேல்ஸோடு தொடர்பு இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கவிதை அனுப்பலாம், உரைநடையும் அனுப்பலாம்.

இறந்த கவிஞர் பெயரில் பரிசு வைப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது. இவர்கள் அதற்கு அடுத்துச் செய்த காரியத்துக்காகத்தான் இந்த ஆய்வு. வென்றவர் கையில் பரிசைக் கொடுத்துவிட்டுக் கலைந்து போகாமல், வந்த படைப்புகளில் நன்றாக இருந்தவற்றைச் சேர்த்துப் புத்தகமாக்கினார்கள். பார்த்தியன் பதிப்பகம் வெளியிட்டது. ‘ஷெவால்’ என்று பெயர். அடுத்து ‘ஷெவால் 2’, பிறகு ‘ஷெவால் 3’ என்று எண்ணிட்டு வந்த தொகுதிகள் பத்தையும் தாண்டின. ஒரு சிறிய ஊர்க் கவிஞரின் நினைவு, ஒரு தலைமுறை இளம் எழுத்தாளர்களின் முதல் அச்சாக மாறியது.

இது எப்படி வேலை செய்தது, எங்கே போதாமல் போகிறது என்று பார்க்க வேண்டுமானால், முதலில் வேல்ஸின் நிலவரம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

இரண்டு மொழி, இரண்டு வழி

வேல்ஸின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் மொழி பேசத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 5,38,000 பேர், அதாவது 17.8 சதவீதம். மீதிப் பேரில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம்தான் வீட்டிலும் வெளியிலும். ஆகவே வேல்ஸ் இலக்கியம் என்று ஒன்றைச் சொல்லும்போது உண்மையில் இரண்டு இலக்கியங்களைச் சொல்கிறோம். இரண்டும் தங்கள் இளையவர்களை வளர்க்கும் விதம் வேறு வேறு.

வெல்ஷ் பக்கம் அதற்கு உறுதியான வழி இருக்கிறது. இஃபான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் 1922-இல் இர்த் என்ற இளைஞர் இயக்கத்தைத் தொடங்கினார். அது 1929-இல் கோர்வென் என்ற ஊரில் தன் முதல் ஐஸ்டெத்வொடை நடத்தியது. பாட்டு, ஒப்புவித்தல், நடனம், எழுத்து என்று எல்லாவற்றுக்கும் போட்டி நடக்கும் பெரிய விழாதான் ஐஸ்டெத்வொட். ஆண்டுக்கொரு ஊரில் கூடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளூர்ச் சுற்றுகளில் தேறி வருகிறார்கள். 25 வயது வரை போட்டியிடலாம். எழுத்துக்கு நாற்காலியும் கிரீடமும் பரிசு. நாற்காலி என்றால் உட்காரும் நாற்காலியேதான். கைத்தொழில் தெரிந்தவர் அந்த ஆண்டுக்கென்று செய்தது. வென்ற பிள்ளை அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

இந்த விழாக்களின் ஒரு வழக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். படைப்பைப் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். எல்லா வயதினருக்குமான தேசிய ஐஸ்டெத்வொடில், வென்ற படைப்புகளோடு நடுவர்களின் மதிப்பீடுகளையும் சேர்த்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகுதி வெளியாகிறது. தோற்றவரும் தன் புனைபெயரைத் தேடி, தன் கவிதை எங்கே நின்றது, எங்கே தடுக்கியது என்று படித்துக்கொள்ளலாம். யாருக்கும் தகுதி இல்லை என்று தோன்றினால் நடுவர்கள் நாற்காலியைத் தராமலே விட்டுவிடுவார்கள். 1917-இல் பர்க்கன்ஹெட் நகரில், வென்றவரின் புனைபெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது யாரும் எழவில்லை. ஹெத் வின் என்ற அந்தக் கவிஞர், ட்ராஸ்வினித் ஊரின் ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை, ஐந்து வாரங்களுக்கு முன்பே ஃப்ளாண்டர்ஸ் போர்க்களத்தில் இறந்திருந்தார். நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அவருக்கு அப்போது வயது 30. வெல்ஷ் பேசும் வீடுகளில் இந்தக் கதை தெரியாத பிள்ளை அபூர்வம். எழுத்து என்பது ஊரே கூடி எழுந்து நின்று மதிக்கிற விஷயம் என்ற உணர்வோடு அந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதும் வெல்ஷ் இளைஞருக்கு இப்படி ஒன்று இல்லை. அவர் எழுதும் மொழியின் பதிப்பகங்களும் விமர்சகர்களும் லண்டனில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற வெல்ஷ் கவிஞர் டிலன் தாமஸின் கதையே அதற்குச் சாட்சி. ஸ்வான்சீயில் கும்டாங்கின் ட்ரைவ் வீட்டில், பதின்ம வயதில் நோட்டுப் புத்தகங்களை நிரப்பிக்கொண்டிருந்தவர் அவர். ‘சண்டே ரெஃபரி’ என்ற லண்டன் வாரப் பத்திரிகையின் கவிதைப் பகுதிக்கு அனுப்பினார். அது தந்த பரிசின் வழியாகத்தான் 1934 டிசம்பரில், 20 வயதில், அவருடைய முதல் தொகுப்பு வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பே அவர் லண்டனுக்குக் குடிபோய்விட்டார். எழுத்து வேல்ஸில் பிறந்தது, அச்சு லண்டனில் கிடைத்தது.

1937-இல் கைட்ரிக் ரீஸ் என்ற 21 வயது இளைஞர் இதை மாற்றப் பார்த்தார். ‘வேல்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு சிற்றிதழ் தொடங்கினார். முதல் இதழிலேயே டிலன் தாமஸ் இருந்தார். ஆங்கிலத்தில் எழுதும் வெல்ஷ்காரர்கள் ஒருவரையொருவர் ஒரே அட்டைக்குள் பார்த்துக்கொள்ள அந்த இதழ் இடம் கொடுத்தது. அதற்குப் பிறகு 1941, 42-இல் பிரெண்டா சேம்பர்லின், ஜான் பெட்ஸ் என்ற இரு கலைஞர்களும் அலன் லூயிஸ் என்ற கவிஞரும் சேர்ந்து, ஒற்றைத் தாளில் கவிதையும் மரச்செதுக்குப் படமுமாக அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்றார்கள். ‘கசெக்’ தாள்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

அலன் லூயிஸ் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கும்அமன் என்ற நிலக்கரிக் கிராமத்தில் 1915-இல் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில் படையோடு இந்தியா வந்தார். 1943-இல் விடுப்பில் குன்னூருக்குப் போனார். அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் வாலஸ் ஐக்ராய்டின் வீட்டில் தங்கினார். அந்த வீட்டுப் பெண்மணி ஃப்ரெடா ஐக்ராய்டோடு ஏற்பட்ட காதல் அவருடைய கடைசிக்காலக் கவிதைகளிலும் கடிதங்களிலும் நிறைந்திருக்கிறது. 1944 மார்ச் 5 அன்று, 28 வயதில், பர்மாவின் அரக்கான் மலையில் இறந்தார். நீலகிரிக்குப் போகிற நம் வாசகர்கள் எத்தனை பேருக்கு அந்த வெல்ஷ் இளைஞரைத் தெரியும்? அவருக்கு இரண்டு புத்தகங்கள் உயிரோடிருக்கும்போதே வந்துவிட்டன. அதற்கு முன்னால் இருந்த படிதான் அந்த ஒற்றைத் தாள்கள். நண்பர்களோடு சேர்ந்து ஊரிலேயே அச்சேறுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

‘ஷெவால்’ இந்த வரிசையில் வருவது. அதைப் பரிசுகளின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதைவிடச் சிற்றிதழ்களின் வரலாற்றில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

அமைப்பில் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வயது. முப்பதோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தின் டிலன் தாமஸ் பரிசு 39 வயது வரை போகிறது, ஏனென்றால் அவர் இறந்த வயது அது. லண்டனின் ‘கிராண்டா’ இதழ் 1983-இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் இளம் நாவலாசிரியர் பட்டியலும் நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்கானது. 39 வயதில் ஒருவர் இரண்டு மூன்று புத்தகம் போட்டிருப்பார். அங்கே பரிசு ஏற்கெனவே நிலைபெற்றவரை உலகத்துக்குக் காட்டுகிறது. 18 முதல் 30 என்று வைத்தால் வருகிறவர்கள் கல்லூரியில் படிப்பவர்கள், முதல் வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுகிறவர்கள். பெரும்பாலும் புத்தகம் இல்லாதவர்கள். முதல் புத்தகத்துக்கு முந்தைய ஆள் யாரோ அவருக்காகவே இந்த வரம்பு.

இரண்டாவது, கவிதையையும் உரைநடையையும் பிரிக்காதது. இது நடுவர்களுக்குத் தலைவலி. பதினான்கு வரிக் கவிதையையும் இரண்டாயிரம் சொல் கதையையும் எந்தத் தராசில் வைப்பது? ஆனால் தொகுப்பாகப் படிக்கும்போது இதன் பலன் தெரிகிறது. இருபது வயதில் பலருக்குத் தாங்கள் கவிஞரா கதைக்காரரா என்றே தெரியாது. எதையாவது எழுதிப் பார்க்கும் வயது அது. ஒரே புத்தகத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கவிதை எழுதுகிறவர் அடுத்த பக்கத்துக் கதையைப் படித்தே தீர்வார். வகை பிரித்துத் தனித்தனி அறையில் உட்கார வைக்கும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

மூன்றாவது முடிவுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. வெல்லாதவர்களையும் அச்சிடுவது.

ஒரு போட்டியில் ஒருவர் வெல்கிறார், மற்றவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது, ‘இந்த முறை தேர்வாகவில்லை’ என்று. அவ்வளவுதான். நான்காவதாக வந்தவருக்கும் நானூறாவதாக வந்தவருக்கும் ஒரே மின்னஞ்சல். தான் எவ்வளவு பக்கத்தில் வந்தோம் என்று நான்காவது ஆளுக்குத் தெரியவே தெரியாது. அவர் எழுதுவதை விட்டுவிட்டால் யாரும் கவனிக்கப் போவதில்லை. ‘ஷெவால்’ அந்த நான்காவது ஆளைப் புத்தகத்துக்குள் கொண்டுவருகிறது. அவர் பெயர் பொருளடக்கத்தில் இருக்கிறது. தொகுப்பாளர் ஒருவர் அவருடைய வரிகளைப் படித்து, இதைத் திருத்தலாமா என்று கேட்கிறார். அச்சுப்படியைப் பார்த்துச் சரிசெய்து அனுப்புகிறார். புத்தக எண்ணோடு, விலையோடு, கடையில் வாங்கக்கூடிய ஒரு பொருளாக அது வெளியே வருகிறது. வெளியீட்டு மாலையில், வென்றவரும் அவரும் அதே மேடையில் படிக்கிறார்கள்.

இதில் திருத்தும் வேலையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பல இளம் எழுத்தாளர்களுக்கு அதற்கு முன் தங்கள் எழுத்தை ஆசிரியரும் நண்பர்களும் மட்டுமே படித்திருப்பார்கள். ஆசிரியர் மதிப்பெண் போடுவார், நண்பர் பாராட்டுவார். பதிப்புக்காகப் படிப்பவர் இரண்டையும் செய்வதில்லை. இந்த வரி இங்கே வேண்டுமா என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வியை முதல்முறை சந்திக்கும்போது ஓர் எழுத்தாளருக்குள் ஏதோ மாறுகிறது. அதற்குப் பிறகு அவர் எழுதும் எல்லாவற்றிலும் அந்தக் கேள்வி கூடவே வரும்.

அப்புறம், பதிப்பகம். பார்த்தியன் 1993-இல் தொடங்கியது. மேற்குக் கடற்கரையில் கார்டிகனைத் தளமாகக் கொண்டது. ரோண்டா பள்ளத்தாக்கிலிருந்து வந்த ரேச்சல் ட்ரிசீஸின் முதல் நாவலை 2000-இல் வெளியிட்டது இவர்கள்தான். அவருடைய அடுத்த நூலான கதைத் தொகுப்பும் பார்த்தியனில் வந்தது. 2006-இல் டிலன் தாமஸ் பரிசு முதன்முறை வழங்கப்பட்டபோது, 60,000 பவுண்டுடன் அந்தத் தொகுப்பு வென்றது. அப்படிப்பட்ட பதிப்பகம் ‘ஷெவால்’ தொகுதிகளைப் போடும்போது, அங்கே வேலை செய்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருபது முப்பது வயதுப் பெயர்களைக் கண்ணால் பார்க்கிறார்கள், வாயால் படிக்கிறார்கள். பின்னாளில் அந்தப் பெயரில் ஒரு கையெழுத்துப் பிரதி வந்தால் அது முன்பின் தெரியாதவருடையது ஆகாது.

நான்கு பேர்

இந்தக் கடைசிப் புள்ளி வெறும் ஊகமா என்று பார்க்க, வென்றவர்களில் நான்கு பேரின் வழியைத் தொடர்ந்து போகலாம்.

ஜானதன் எட்வர்ட்ஸ் 2010-இல் வென்றார். கிராஸ்கீஸ் ஊர்க்காரர், பள்ளியில் ஆங்கில ஆசிரியர். மறுவருடம் வேல்ஸ் இலக்கிய அமைப்பு புதிய எழுத்தாளர்களுக்குத் தரும் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 2014-இல் செரென் பதிப்பகம் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்டது. அந்த ஆண்டின் கோஸ்டா கவிதைப் பரிசு அதற்குக் கிடைத்தது. பிரிட்டன் முழுக்கப் பேசப்பட்ட பரிசு அது. ஒரு முதல் தொகுப்புக்கு, அதுவும் வேல்ஸின் ஒரு சிறு பதிப்பகத்துப் புத்தகத்துக்குக் கிடைத்தது பெரிய விஷயம்.

அந்தக் கவிதைகளைப் படித்தவர்களுக்கு அவை எந்த மண்ணிலிருந்து வந்தவை என்று உடனே தெரியும். பள்ளத்தாக்கு ஊர்களின் சாதாரண மனிதர்கள் மத்தியில் திடீரென்று உலகப் பிரபலங்கள் வந்து நிற்பார்கள். கிரம்லின் என்ற ஊரில் ஒரு உயரமான இரும்பு ரயில் பாலம் இருந்தது. 1960-களில் அதை இடிப்பதற்கு முன் கிரிகரி பெக்கும் சோஃபியா லோரெனும் நடித்த படத்துக்காக அங்கே படப்பிடிப்பு நடந்தது. ஊரார் அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எட்வர்ட்ஸ் அதைக் கவிதையாக்கினார். குடும்பத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையை எடுத்து, பரிவோடு உயர்த்திக் காட்டுகிற கை அவருடையது. லண்டனிலிருந்து பார்க்கிற தொகுப்பாளருக்கு கிரம்லின் ஒரு பொருட்டாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். நீத்தில் பிறந்த ஒரு பரிசுக்கு அது தெரியும்.

பின்னாளில் அதே எட்வர்ட்ஸ் ‘ஷெவால்’ தொகுப்பாளர்களில் ஒருவராகத் திரும்பி வந்தார். இந்தத் தொடரின் மிக நல்ல செய்தியாக நான் நினைப்பது இதைத்தான். வெற்றி பெற்றவர் ஊரை விட்டுப் போகவில்லை. அடுத்து வருகிறவர்களின் வரிகளை உட்கார்ந்து படித்தார்.

ஜெம்மா எல். கிங் 2011-இல் வென்றார், 2013-இல் முதல் கவிதைத் தொகுப்பு, அது டிலன் தாமஸ் பரிசின் குறும்பட்டியலுக்குப் போனது. கார்டிஃப் நகரத்துக் கதைகளை எழுதிய ஜோவா மொரைஸ் 2013-இல் வென்றார், சிறுகதைத் தொகுப்பு 2018-இல். ஸ்வான்சீயின் நடாலி ஆன் ஹோல்பரோ 2015-இல் வென்றார், கவிதைத் தொகுப்பு 2017-இல். இந்த மூன்று புத்தகங்களும் பார்த்தியனில் வந்தவை.

வருடங்களை வைத்துப் பாருங்கள். பரிசுக்கும் முதல் புத்தகத்துக்கும் நடுவே இரண்டு வருடம், நான்கு வருடம், ஐந்து வருடம். இளம் எழுத்தாளர்கள் தொலைந்து போவது இந்த இடைவெளியில்தான். படிப்பு முடிகிறது, வாடகை கட்ட வேண்டியிருக்கிறது, எழுத்தைப் பற்றிப் பேசிய நண்பர்கள் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஒரு தொகுப்பில் இருக்கும் பெயர் அந்த ஆண்டுகளில் சில வேலைகளைச் செய்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது எழுத ஒரு வரி கிடைக்கிறது. வாசிப்பு மாலைகளுக்கு அழைப்பு வருகிறது. தொகுப்பில் உடன் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் வாசகர்களாகிறார்கள். நான் எழுத்தாளர்தான் என்று வீட்டில் சொல்ல ஒரு பொருள் மேசைமேல் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைச் சின்னது என்று நினைப்பவர்கள், பெற்றோரில் யாரும் புத்தகத்தோடு பழகாத வீட்டில் எழுத ஆரம்பித்தவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நான்கு பேரை வைத்து ஒரு விதியைச் சொல்லிவிட முடியாது. திறமை இருந்ததால் பரிசும் வந்தது, புத்தகமும் வந்தது என்றும் ஒருவர் வாதிடலாம். ஆனால் மூன்று பேர், தொகுப்பை வெளியிட்ட அதே பதிப்பகத்தில் முதல் புத்தகம் போட்டார்கள் என்பதைத் திறமை மட்டும் விளக்காது. அறிமுகம் விளக்கும்.

சுற்றியிருக்கும் தாங்கல்கள்

ஒரு தொகுப்பு தனியாக இதைச் செய்யவில்லை. அபெரிஸ்ட்வித் நகரில் 1961-இலிருந்து இயங்கும் வேல்ஸ் புத்தக மன்றம் இரண்டு மொழிப் பதிப்பகங்களுக்கும் இதழ்களுக்கும் மானியம் தருகிறது. எட்வர்ட்ஸுக்கு உதவித்தொகை தந்த இலக்கிய அமைப்பு, வடக்கே டீ நெவித் என்ற பழைய வீட்டை எழுத்துப் பயிற்சி மையமாக நடத்துகிறது. பிரிட்டனின் பிரதமராயிருந்த லாயிட் ஜார்ஜ் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு அது. 1990-இலிருந்து அங்கே எழுத்தாளர்கள் ஒரு வாரம் தங்கி, மூத்தவர்களோடு உட்கார்ந்து எழுதிப் பழகுகிறார்கள். இவையெல்லாம் பொதுப் பணத்தில் நடப்பவை. 31 லட்சம் பேர் உள்ள நாட்டில் சந்தையை மட்டும் நம்பினால் கவிதைப் புத்தகம் வராது என்பதை வேல்ஸ் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

விரிசல்கள்

அதே பொதுப் பணம்தான் பலவீனமும். 1970-இல் தொடங்கி, இடையில் நின்று, மீண்டும் வந்த ‘பிளானட்’ இதழும், 1988-இலிருந்து வந்த ‘நியூ வெல்ஷ் ரிவ்யூ’ இதழும் புத்தக மன்றத்தின் மானியத்தை இழந்தன. 2024-இல் இரண்டும் அச்சை நிறுத்தின. அடுத்த ஆண்டே ‘ஃபோல்டிங் ராக்’ என்று ஒரு புதிய இதழ் வந்தது, நல்ல தொடக்கம். ஆனாலும் இரண்டு இதழ்கள் போனால் பக்கங்கள் மட்டும் போவதில்லை. மதிப்புரை போகிறது. யார் என்ன எழுதுகிறார்கள் என்று பல வருடமாகக் கவனித்துவந்த ஆசிரியர்களின் நினைவும் போகிறது.

இதழ் இல்லாவிட்டால் எழுதுகிறவர் எங்கே இதழ் இருக்கிறதோ அங்கே போவார். கேஃபிலி ஊரில் வளர்ந்த தாமஸ் மோரிஸ், டப்ளினில் படிக்கப் போனார். அங்கே ‘ஸ்டிங்கிங் ஃப்ளை’ என்ற புகழ்பெற்ற இலக்கிய இதழுக்கு ஆசிரியரானார். கேஃபிலியைப் பற்றிய அவருடைய கதைகள் 2016-இல் வேல்ஸின் ஆண்டுப் புத்தக விருதைப் பெற்றன. 2023-இல் ‘கிராண்டா’ பட்டியலிலும் இடம்பெற்றார். அவருக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் அயர்லாந்து தன் சிறுகதைக்காரர்களைச் சிற்றிதழ்கள் வழியாகத் தொடர்ந்து வளர்க்கிறது, வேல்ஸ் விட்டுவிட்டுச் செய்கிறது என்ற வேறுபாடு அவர் கதையில் தெளிவாகத் தெரிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் தொகுப்பு, ஆண்டுக்கு நான்குமுறை வரும் இதழின் இடத்தை நிரப்ப முடியாது.

இரண்டாவது விரிசல் மொழி. ‘ஷெவால்’ ஆங்கிலத்துக்கு மட்டும். பரிசு தொடங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது, ஹெதரிங்டன் ஆங்கிலக் கவிஞர், குறை இருந்ததும் அந்தப் பக்கம்தான். ஆனால் இன்றைய வேல்ஸில் கார்டிஃப் இளைஞர் ஒருவர் காலையில் வெல்ஷ் வழிப் பள்ளியில் படித்து, மாலையில் நண்பர்களோடு ஆங்கிலம் பேசி, இரவில் இரண்டிலும் எழுதுகிறார். 2050-க்குள் வெல்ஷ் பேசுவோர் பத்து லட்சம் ஆக வேண்டும் என்பது அரசின் இலக்கு. அப்படியானால் இப்படிப்பட்டவர்கள் கூடத்தான் போகிறார்கள். அவர்கள் தங்களைப் பாதியாக வெட்டிக்கொண்டுதான் போட்டிக்கு வர வேண்டுமா? இதற்கு முன்மாதிரியும் உண்டு. 2000-இல் செரென் பதிப்பகம் ஏமி வாக், கிரஹாம் டேவிஸ் இருவரும் தொகுத்த ஒரு புதிய கவிஞர்கள் தொகுப்பை இரு மொழியிலும் கொண்டுவந்தது. அதை ஆண்டுதோறும் செய்யும் அமைப்பாக யாரும் வளர்த்தெடுக்கவில்லை. வருத்தமான விஷயம்.

மூன்றாவது, யார் அனுப்புகிறார்கள் என்பது. வயதை மட்டும் வைத்துத் திறக்கும் கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரி திறப்பதில்லை. போட்டி இருப்பதே பல்கலைக்கழக எழுத்துப் படிப்பில் இருப்பவருக்குத் தெரிகிறது, போர்ட் டால்பட்டில் வேலை தேடுபவருக்குத் தெரிவதில்லை. நீத்துக்கு அடுத்த ஊர் அது. டாட்டா நிறுவனத்தின் எஃகு ஆலையில் கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைக்கப்பட்டது. அங்கே இப்போது 22 வயதில் இருக்கிற ஒருவரிடம் எழுத நிறைய இருக்கும். அதைக் கேட்டு வாங்க யாராவது போக வேண்டும்.

வேறு வகைத் தொகுப்புகள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. 2020-இல் ஹனான் இசா, துர்ரே ஷாவார், ஓஸ்குர் உயானிக் மூவரும் தொகுத்த கட்டுரைத் தொகுப்பைப் பார்த்தியனே வெளியிட்டது. குடியேறிய குடும்பத்தினர், உடல்குறை உள்ளவர்கள், பாலினச் சிறுபான்மையினர் என்று வழக்கமாகக் கூப்பிடப்படாதவர்களைத் தேடிப் போய் எழுத வைத்த புத்தகம். தொகுப்பாளர்களில் ஒருவரான ஹனான் இசா 2022-இல் வேல்ஸின் தேசியக் கவிஞரானார். போட்டி காத்திருக்கிறது, அழைப்பு தேடிப் போகிறது. இளம் எழுத்தாளர் தொகுப்புக்கு இரண்டும் வேண்டும். பாதிப் பக்கங்கள் போட்டியில் வந்தவற்றுக்கு, மீதி தொகுப்பாளர் ஊர் ஊராகப் பட்டறை நடத்திக் கண்டெடுத்தவற்றுக்கு என்று வைத்தால் ‘ஷெவால்’ போன்ற தொடர் இன்னும் விரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சேர்க்கச் சொல்வேன். ஐஸ்டெத்வொடின் அந்தப் பழைய வழக்கத்தை ஆங்கிலப் பக்கமும் எடுத்துக்கொள்ளலாம். நடுவர்களின் மதிப்பீடு புத்தகத்தின் கடைசியில் அச்சாகட்டும். வென்ற கவிதையில் எது பலம், தேர்வாகாத முப்பது நாற்பது பேரில் எந்தக் குறை திரும்பத் திரும்ப வந்தது, எந்தக் கதை எந்த இடத்தில் கைவிட்டது என்று ஒளிவுமறைவின்றி, புனைபெயர்களைச் சொல்லி, பத்துப் பக்கம். மேடையில் சொல்லும் பாராட்டு அன்றிரவோடு போய்விடும். அச்சில் இருக்கும் மதிப்பீட்டை, புத்தகத்தில் இடம் கிடைக்காத 19 வயதுக்காரர் கூட நூலகத்தில் எடுத்துப் படித்து, அடுத்த ஆண்டுக்கு எழுத உட்காரலாம். நூறு ஆண்டுக்கும் மேலாகப் பக்கத்து மொழியில் சோதித்துப் பார்த்த முறை இது. கூடுதல் செலவு பத்துப் பக்கக் காகிதமும், நடுவர்களின் ஒரு வார உழைப்பும்.